வழியில் நின்றுவிடும் கார்

சொந்தமாக மோட்டார் கார் வைத்திருப்பவர்களில், சாவியைத் திருப்பினால் என்ஜின் கிளம்பும், கிளம்பினால் போய்ச் சேர வேண்டிய ஊர் வரையில் ஓடும் என்ற நிச்சயத்தோடு புறப்படுகிறவர்கள் ஒரு வகை. கிளம்புமோ கிளம்பாதோ, கிளம்பினாலும் செங்கற்பட்டைத் தாண்டுமோ தாண்டாதோ என்ற சந்தேகத்துடனேயே புறப்படுகிறவர்கள் மற்றொரு வகை. இந்த இரண்டாவது வகையினர் நம்மிடையே இன்றும் அநேகர். தகப்பனார் வாங்கி வைத்த அம்பாஸடரையோ ஃபியட்டையோ ஸ்டாண்டர்டு ஹெரால்டையோ விற்க மனம் வராமல் வைத்திருப்பவர்களும் உண்டு. கையிலிருந்த பணத்துக்கு இதுதான் கிடைத்தது என்று மூன்று நான்கு கை மாறிய வண்டியை வாங்கியவர்களும் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் பொதுவான துன்பம், ரிப்பேர் செலவைக் காட்டிலும், வண்டி எந்த வேளையில் கைவிடும் என்று தெரியாத மனக்கலக்கமே ஆகும். யந்திரம் காரணமின்றி நிற்பதில்லை. முன்னறிவிப்பு ஏதுமின்றி நிற்பதும் அபூர்வம். அந்தக் காரணங்களையும் அறிகுறிகளையும் சொந்தக்காரர் தெரிந்துகொண்டுவிட்டால், அவருடைய கலக்கத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இவ்வண்டிகள் இத்தனை காலம் நம்மிடம் தங்கியதற்குச் சரித்திர பூர்வமான காரணம் ஒன்று உண்டு. சுதந்திரம் வந்த சில ஆண்டுகளுக்குள், உள்நாட்டுத் தொழிலை வளர்க்கக் கருதிய சர்க்கார், பாகங்களை இறக்குமதி செய்து பூட்டி விற்பதோடு நின்றுவிடும் கம்பெனிகளுக்கு இனி இடமில்லை என்று தீர்மானித்ததன் பேரில், 1953-ம் ஆண்டை ஒட்டி ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவை விட்டு வெளியேறின. அதன்பின், கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆகிய மூன்றுமே நாட்டின் பிரதான கார்த் தொழிற்சாலைகளாக விளங்கின. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையைத் தழுவி அம்பாஸடரும், இத்தாலியின் ஃபியட் 1100-ஐத் தழுவி, பிற்காலத்தில் பிரீமியர் பத்மினி என்று பெயர் பெற்ற வண்டியும், 1961-ம் ஆண்டிலிருந்து வண்டலூரில் ஹெரால்டும் உற்பத்தியாயின. பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தே வண்டி பெற வேண்டியிருந்த அக்காலத்தில், 1983-ம் ஆண்டு டிசம்பரில் மாருதி 800 வெளிவரும் வரையில், கிடைத்த வண்டியைப் பாதுகாத்து ஓட்டுவதைத் தவிர நடுத்தரக் குடும்பங்களுக்கு வேறு மார்க்கம் இருக்கவில்லை. அம்பாஸடர் 2014-ம் ஆண்டு வரையில் உற்பத்தியாகிக்கொண்டிருந்தது. மிதமான சீதோஷ்ண தேசங்களில் வரையப்பட்ட இந்த யந்திரங்களை நம்முடைய வெயிலிலும் புழுதியிலும் மழைநீரிலும் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஓட்டிவருகிறோம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், அவற்றின் கோளாறுகளில் பாதி விளங்கிவிடும்.

பெட்ரோல் என்ஜின் ஓடுவதற்கு மூன்று காரியங்கள் நடந்தாக வேண்டும். பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் கலந்து சிலிண்டருக்குள் வர வேண்டும். வந்த கலவையைப் பிஸ்டன் நன்றாக அழுத்த வேண்டும். அழுத்தம் உச்சமடைகிற தருணத்தில் ஸ்பார்க் பிளக்கில் பொறி தெறிக்க வேண்டும். ஓடிக்கொண்டிருந்த வண்டி வழியில் நின்றுபோனால், இம்மூன்றில் எது தவறியது என்பதை முதலில் நிர்ணயிக்காமல், கைக்கு அகப்பட்ட பாகத்தையெல்லாம் கழற்றிப் பார்ப்பதால் காலமும் பணமும் விரயமாவதோடு, நன்றாயிருந்த பாகமும் கெட்டுப்போகும். அழுத்தம் திடீரென்று குறைவது அருமை. அது மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைந்துவருவது. ஆகவே நடுவழியில் நிற்கும் வண்டியைப் பற்றி முதலில் எழ வேண்டிய கேள்வி, பெட்ரோல் வரவில்லையா, பொறி வரவில்லையா என்பதே.

பெட்ரோல் வராமல் நிற்பதற்கு நம் நாட்டில் முதன்மையான காரணம் உஷ்ணம். பெட்ரோலில் அடங்கிய மிக இலேசான பகுதிகள் 40 டிகிரிக்கு முன்னதாகவே ஆவியாகத் தொடங்கிவிடும். பழைய வண்டிகள் பலவற்றில் பெட்ரோல் பம்ப் என்ஜினின் விலாவிலேயே பூட்டப்பட்டிருக்கிறது. அதிலிருந்து கார்பரேட்டருக்குப் போகும் குழாயோ, புகை வெளியேறும் சூடான குழாய்க்கு வெகு அருகில் செல்கிறது. சித்திரை வெயிலில் விழுப்புரம் வரையில் விடாமல் ஓடிவந்த வண்டியைச் சாப்பாட்டுக்காக நிறுத்தினால், விசிறியின் காற்று நின்று, என்ஜினின் வெப்பம் முழுவதும் மேலெழுந்து பம்ப்பைத் தாக்க, குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்கிறது. பம்ப் எவ்வளவு அடித்தாலும் ஆவிதான் சுருங்கி விரிகிறதே தவிர, பெட்ரோல் முன்னேறுவதில்லை. டிக்கியில் ஒரு துணியும் ஒரு கேன் தண்ணீரும் எப்போதும் வைத்திருக்கும் அனுபவசாலியான டிரைவர், பானெட்டைத் தூக்கி, நனைத்த துணியைப் பம்ப்பின் மேல் சுற்றிவிட்டு ஓரமாய் நிழலில் காத்திருப்பார். துணியிலிருந்து ஆவி எழுந்து அடங்கி, பம்ப்பைத் தொட்டுப் பார்த்தால் கை பொறுக்கும் என்ற நிலை வந்தபின் சாவியைத் திருப்பினால், வண்டி ஒன்றும் நேராதது போலக் கிளம்பிவிடும்.

இந்தக் கோளாறுக்கு விசேஷமான ஒரு தொல்லை உண்டு. வண்டியைக் கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் ஆறிப்போய்விடுவதால், மெக்கானிக்கின் முன்னிலையில் வண்டி குறையின்றி ஓடும்; குறை தெரியாத நிலையில் சந்தேகத்தின் பேரில் பம்ப்பையும் காயிலையும் மாற்றுவார்கள்; அடுத்த நெடும் பிரயாணத்தில் வண்டி மறுபடி அதே மாதிரி நிற்கும். குழாயைச் சூட்டிலிருந்து விலக்கிக் கட்டுவதும், பம்ப்புக்கும் புகைக்குழாய்க்கும் நடுவே ஒரு தகட்டைத் தடுப்பாக வைப்பதுமே இதற்கு நிலையான பரிகாரம்.

ரேடியேட்டர் கொதிப்பதும் உஷ்ணத்தின் விளைவே எனினும், அதன் காரணங்கள் வேறு. ரேடியேட்டர் மூடி வெறும் மூடியன்று. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி போட்டிருந்தால், 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் ஏறக்குறைய 111 டிகிரி வரையில் கொதிக்காமல் இருக்கும். அதன் ரப்பர் வளையம் வெடித்து அழுத்தம் கசியுமானால் அந்த லாபம் முழுவதும் போய்விடும். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் என்ஜின் வேகமாய்ச் சுழன்று வெப்பத்தை மிகுதியாய் உண்டாக்க, வண்டியோ மெல்ல நகர்வதால் எதிர்க்காற்று குறைந்துபோகிறது. உயரம் ஏற ஏறத் தண்ணீரின் கொதிநிலையும் தாழ்கிறது. சமவெளியில் மறைந்திருந்த குறையெல்லாம், தளர்ந்த ஃபேன் பெல்ட்டும் உப்புத் தண்ணீரால் அடைபட்ட ரேடியேட்டர்க் குழல்களும் உட்பட, மலைப்பாதையில் பிரத்தியட்சமாகிவிடும். கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியை உடனே திறப்பது மகா அபாயம்; அழுத்தம் நீங்கியவுடன் கொதிநீர் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். என்ஜின் நன்றாய் ஆறும்வரையில் காத்திருந்து, பிறகு கனத்த துணியைப் போட்டு மூடியைச் சிறிது திருப்பி, அழுத்தம் வெளியேறிய பின்னரே திறக்க வேண்டும்.

இனிப் பொறியின் விஷயம். பழைய வண்டிகளில் பேட்டரியின் 12 வோல்ட்டைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்திப் பிளக்குக்கு அனுப்பும் காரியத்தில், காயிலுக்குச் சமமான பங்கு டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் என்னும் சிறிய உலோகச் சோடிக்கு உண்டு. அது திறக்கிற ஒவ்வொரு முறையும் ஒரு பொறி பிறக்கிறது. நான்கு சிலிண்டர் என்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுழலும்போது பாயிண்ட் 6,000 முறை, அதாவது ஒரு விநாடிக்கு 100 முறை, திறந்து மூட வேண்டும். திறக்கும் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு, சுமார் 0.4 மில்லிமீட்டர். இத்தனை நுட்பமான இடைவெளி நாளடைவில் மாறுவதில் ஆச்சரியமில்லை. மூடியின் இரண்டு கிளிப்புகளையும் நெம்பி, ரோட்டரை உருவிவிட்டுப் பார்த்தால், கெட்டுப்போன பாயிண்டின் ஒரு முகத்தில் ஊசிமுனை போன்ற மேடும், எதிர் முகத்தில் அதற்குப் பொருந்தும் பள்ளமும், சுற்றிலும் நீலம் பாய்ந்த கருக்கலும் தெரியும். மெக்கானிக் மெல்லிய அரத்தால் மேட்டைத் தேய்த்து, வழுவழுப்பான அட்டைத் துண்டை இரு முகங்களுக்கும் நடுவே விட்டு இழுத்துத் தூளைத் துடைத்தெடுத்து, ஃபீலர் கேஜைச் செருகி, அது தடையின்றியும் தளர்வின்றியும் நழுவும் அளவில் ஸ்குருவை முறுக்குவார். சில நிமிஷங்களில் முடிகிற காரியம். ஆனால் பாயிண்ட் அடிக்கடி கருகுமானால், பக்கத்திலுள்ள கண்டென்ஸர் கெட்டிருக்கிறதா என்று பார்க்காமல் பாயிண்டை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது வீண் பிரயாசை. சூடேறியபின் மட்டும் நின்று, ஆறினால் கிளம்பும் குறைக்குக் கண்டென்ஸரும் காயிலும் காரணமாகலாம் என்பதால், ஈரத்துணிக்கு மசியாத வண்டியில் பொறி வருகிறதா என்று சோதிப்பது அவசியம்.

கவனக்குறைவால் மட்டுமன்றித் தவறான கவனிப்பாலும் வண்டி கெடும் என்பதற்கு ஹெரால்டின் முன் சக்கர அமைப்பு நல்ல உதாரணம். அதன் முன் பாகம் முழுவதும், மட்கார்டுகளோடு சேர்ந்து, முன்பக்கமாய்க் கவிழ்ந்து திறக்கும்படி அமைந்திருப்பதால், என்ஜினும் முன் சக்கரங்களின் இணைப்புகளும் ஒளிவு மறைவின்றிக் கண்ணுக்குத் தெரியும். அங்கே ஒவ்வொரு முன் சக்கரத்துக்கும் அடியில் ட்ரன்னியன் என்ற பாகம் இருக்கிறது. திருகு மரை கடைந்த செங்குத்துத் தண்டு அதற்குள் நின்று, ஸ்டீரிங்குக்குத் தக்கபடி திரும்புகிறது. இதற்கு இடவேண்டியது கனமான கியர் ஆயில். மற்ற வண்டிகளின் பழக்கத்தால் கிரீஸ் அடித்தால், அது மரையின் அடிவரையில் இறங்குவதில்லை. தண்ணீர் தேங்கி, துரு அரித்து, தண்டு ஒருநாள் முறிந்து, சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிவிடும். கிரீஸ் அடித்தவருக்குச் சிரத்தை இல்லை என்று சொல்ல முடியாது. அந்த வண்டிக்குரிய விதியை அவர் அறியவில்லை, அவ்வளவே. ஒவ்வொரு வண்டியின் கைப்புத்தகத்தையும் தேடிப் பிடித்துப் படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனாலேயே.

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை வண்டியை நிறுத்தும் குறைகள். இவற்றைக் காட்டிலும் ஆயிரம் மடங்கு பெரியது, வண்டியை நிறுத்த முடியாமல் செய்யும் குறை. பழைய மாதிரிகளில் நான்கு சக்கரங்களின் பிரேக்குக்கும் ஒரே ஆயில் வழிதான் உண்டு. ஒரு வீல் சிலிண்டரில் ரப்பர் பழுதாகி ஆயில் ஒழுகிப்போனால், நான்கு பிரேக்குகளும் ஒருங்கே போய்விடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் சேர்ந்த ஆயில் நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால், மிதி அடிவரையில் போகும், வண்டி நிற்காது. ஆகையால் குறையில்லாவிட்டாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றிவிடுவது விவேகம். மிதி வழக்கத்தைவிடத் தாழ்ந்தாலும், பஞ்சை மிதிப்பது போல நெகிழ்ந்தாலும், சக்கரத்தின் உட்புறம் ஈரக்கறை கண்டாலும் அன்றைய பிரயாணத்தை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஸ்டீரிங்கில் ஆட்டம் கண்டாலும் அப்படியே.

அறிகுறிகளைக் கவனித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் இங்கேதான் பயன்படுகிறது. புகை நீலமாயிருந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது; கறுப்பாயிருந்தால் பெட்ரோல் மிகுதியாய்ப் போகிறது; சூடேறிய பின்னும் வெண்புகை ஓயாமல் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துவந்தால், ஹெட் கேஸ்கெட் போய்த் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்குகிறது. காலையில் செல்ஃப் சோம்பிச் சுழன்றால் பேட்டரி இறங்கியிருக்கிறது. புதிய பேட்டரியும் சில நாளில் இறங்கினால், குறை டைனமோவிலோ வயரிங்கிலோ இருக்கிறது. இவற்றைத் தேதியோடும் கிலோமீட்டரோடும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்து, எந்தப் பாகம் என்றைக்கு மாற்றப்பட்டது என்பதையும் எழுதி வந்தால், மெக்கானிக்கிடம் “வண்டி சரியில்லை” என்று பொதுப்படையாய்ச் சொல்லி நிற்க வேண்டியதில்லை. கைதேர்ந்த மெக்கானிக் ஸ்பானரை எடுப்பதற்கு முன்னரே, “சூடானப்புறந்தான் நிக்குதா சார்? ஆறவிட்டா தானா கிளம்புதா? மேட்டுல இழுவை குறையுதா?” என்று கேட்பார். அக்கேள்விகளுக்குத் தெளிவாய் விடை சொல்லும் சொந்தக்காரர் பாதி ரிப்பேரை முடித்தவராகிறார். ஒரே சமயத்தில் நான்கு பாகங்களை மாற்றினால் எதனால் குணமாயிற்று என்பது யாருக்கும் தெரியாது. ஒன்றை மாற்றி, ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்ததற்குப் போவதே முறை.

இந்த மெக்கானிக்குகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சென்னையில் 1949-ம் ஆண்டு எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் கார்களைப் பூட்டத் தொடங்கியதும், 1960-களின் தொடக்கத்தில் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா முதலிய தொழிற்சாலைகள் எழுந்ததும் தமிழ்நாட்டை மோட்டார்த் தொழிலின் பிரதான கேந்திரமாக்கின என்பது பலரும் அறிந்தது. அத்தொழிற்சாலைகளுக்கு வெளியே, ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் ஸ்பேர் கடைகளிலும், புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளிலும், ஒவ்வோர் ஊரின் பஸ் நிலையத்துக்கும் பின்னாலிருந்த ஓலைக் கொட்டகைப் பட்டறைகளிலும் வளர்ந்த ஞானம் எந்தப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. ஸ்குரு டிரைவரின் நுனியை என்ஜின் மேல் ஊன்றி, பிடியைக் காதருகே வைத்து, பேரிங் சத்தத்தையும் டாப்பெட் சத்தத்தையும் பிரித்தறியும் அந்தப் பெரியவர்களிடம் வேலை பழக இன்று பிள்ளைகள் வருவது குறைந்துவிட்டது. அவர்களிடம் கூலிக்கு அளவுக்கு மீறிப் பேரம் பேசுவதும், விலை மலிந்த போலி ஸ்பேரை நாமே வாங்கிக் கொடுத்துவிட்டு வேலை நிற்கவில்லை என்று குறை கூறுவதும் நியாயமாகாது.

புது வண்டி வாங்கியும் ஓயாத தொல்லைக்கு ஆளாகிறவர்களின் நிலை வேறு. இக்கால வண்டிகளில் பாயிண்டும் கார்பரேட்டரும் போய், மின்னணுக் கட்டுப்பாடு வந்துவிட்டது. குறை நேர்ந்தால் டாஷ்போர்டில் ஒரு விளக்கு எரியும். பட்டறையில் ஒரு கருவியைச் செருகிக் குறியீட்டைப் படிப்பார்கள். சர்வீஸ் நிலையம் திரும்பத் திரும்ப அதே குறையைச் சரிசெய்து கொடுத்தும் குறை தீராவிட்டால், ஒவ்வொரு முறையும் எழுத்து மூலமான ஜாப் கார்டை வாங்கி வைத்துக்கொள்ளுதல் அவசியம். 1986-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, உற்பத்திக் குறைக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. அங்கே வாய்ப்பேச்சைவிட இந்தக் காகிதங்களே சாட்சியம். அதே 2019-ம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், அபாயகரமான குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி உற்பத்தியாளருக்கு உத்தரவிடும் அதிகாரத்தையும் சர்க்காருக்கு அளித்திருக்கிறது.

எல்லாம் செய்தும் ஒரு வண்டியை எப்போது கைவிடுவது என்ற கேள்வி எஞ்சுகிறது. என்ஜின் தேய்ந்துவிட்டதே என்று மனம் தளர வேண்டியதில்லை. போர் அடித்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, வால்வுகளை அரைத்துவிட்டால் அதற்கு மறு ஆயுள் கிடைத்துவிடும். கியர் பாக்ஸும் கிளட்ச்சும் அப்படித்தான். சரிப்படுத்த முடியாதது அடிச்சட்டத்தின் துரு. வண்டியைத் தூக்கி நிறுத்தி, சட்டத்தையும் சக்கர இணைப்புகள் பூட்டப்பட்ட இடங்களையும் சுத்தியால் தட்டிப் பார்க்கும்போது, கணீரென்ற சத்தத்துக்குப் பதில் மந்தமான சத்தம் வந்து துருச் செதில்கள் உதிருமானால், மேலே தகடு வைத்து வெல்டிங் செய்து பெயிண்ட் அடிப்பது கண்ணை ஏமாற்றுமே அன்றி உயிரைக் காக்காது. சொந்தக் கார்களின் பதிவு 15 ஆண்டுகளில் முடிந்து, அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் பரிசோதனையின் பேரில் புதுப்பிக்கப்படுவது இதன் பொருட்டே. அந்தப் பரிசோதனையை வெறும் சடங்காக நடத்தி முடித்துக்கொள்ளும் சொந்தக்காரர் தம் குடும்பத்தாருக்கே தீங்கு தேடுகிறார்.

ஆகவே, வழியில் நின்றுவிடும் காரை வைத்திருக்கும் அன்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: நிற்கும் வண்டியைப் பற்றிப் பொறுமையாயிருங்கள்; காரணத்தைத் தேடுங்கள்; எழுதி வையுங்கள்; நல்ல மெக்கானிக் கிடைத்தால் அவருக்கு உரிய கூலியும் மரியாதையும் கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கிலும் ஸ்டீரிங்கிலும் அடிச்சட்டத்திலும் குறை கண்டால் மட்டும் ஒரு நாளும் பொறுமை காட்டாதீர்கள். அன்றைக்கே வண்டியைப் பட்டறைக்கு அனுப்புங்கள், சரிப்படாது என்று தெரிந்தால் விட்டுவிடுங்கள்.